வலி மாத்திரை: மெடிக்கல் கவுண்டர்ல நின்னு எல்லாரும் கேக்குற கேள்விகள்

காலைல ஷட்டர் தூக்குனதுல இருந்து ராத்திரி எறக்குற வரைக்கும் எங்க மெடிக்கல்ல அதிகமா காதுல விழுறது "ஒரு வலி மாத்திரை குடுங்க"ங்கறதுதான். பேர் சொல்ல மாட்டாங்க. அந்த பச்சை அட்டை, போன தடவ குடுத்தீங்களே அது, இல்லன்னா கடைசி ஒத்த மாத்திரையோட கிழிச்ச துண்டு அட்டைய நீட்டுவாங்க, அதுல பேர் அச்சடிச்ச பக்கம் மட்டும் கரெக்டா போயிருக்கும். நான் பார்மசிஸ்ட், டாக்டர் இல்ல. இத்தனை வருஷமா அதே சந்தேகத்துக்கு அதே பதில சொல்லி வாய் வலிக்குது, அதுக்கு மாத்திரை போட முடியாதுல்ல, அதான் ஒரே இடத்துல எழுதி வெச்சுட்டேன்.

டோலோவும் வலி மாத்திரைதானே, அப்புறம் என்ன பெரிய வித்தியாசம்?

டோலோ 650ங்கறது பாராசிட்டமால். காய்ச்சலும் கொறைக்கும், வலியும் கொறைக்கும், ஆனா வீக்கத்துக்குப் பெருசா ஒண்ணும் பண்ணாது. வீக்கத்தையும் சேத்துக் கொறைக்கிற கூட்டம் வேற: ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், நாப்ராக்சன், மெஃபனமிக் ஆசிட், எட்டோரிகாக்ஸிப், நம்ம பழைய ஆஸ்பிரின். டாக்டருங்க இதை என்எஸ்ஏஐடின்னு சொல்வாங்க. இனிமே கீழ நான் "வலி மாத்திரை"ன்னு சொன்னா இந்தக் கூட்டத்தத்தான் சொல்றேன், பாராசிட்டமால இல்ல.

இதுக்காக பாராசிட்டமால் தண்ணி மாதிரின்னு நெனச்சுராதீங்க. பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சம், அதாவது 650 எம்ஜி ஆறு மாத்திரை. அதுக்கு மேல போனா அடி வாங்குறது கல்லீரல்.

இது உள்ள போய் என்னதான் பண்ணுது?

அடிபட்ட எடத்துல புரோஸ்டாகிளாண்டின்னு ஒரு பொருள் ஊறும், வலியையும் வீக்கத்தையும் தூக்கி விடுறது அதுதான். வலி மாத்திரை அதை ஊற விடாம தடுக்குது. ஆஸ்பிரின் 1899லயே விற்பனைக்கு வந்துருச்சு, ஆனா அது எப்படி வேலை செய்யுதுன்னு ஜான் வேன்ங்கற இங்கிலாந்து விஞ்ஞானி 1971லதான் காமிச்சாரு, 1982ல அதுக்கு நோபல் பரிசும் வாங்குனாரு. எழுபது வருஷத்துக்கு மேல ஏன்னு தெரியாமலே உலகம் முழுக்க முழுங்கிருக்காங்க.

சிக்கல் எங்கன்னா, அதே பொருள்தான் வயித்துல அமிலம் அரிக்காம உள்சவ்வையும் பாத்துக்குது, கிட்னிக்கு ரத்தம் கொறையாம ஓடவும் உதவுது. மாத்திரைக்கு முட்டி எது வயிறு எதுன்னு தெரியாது, எல்லா எடத்துலயும்தான் தடுக்கும். இந்த ஒரு விஷயத்த மனசுல வெச்சுக்கிட்டீங்கன்னா கீழ வர்ற பாதி கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிடுவீங்க.

வெறும் வயித்துல போட்டாத்தான பிரச்சனை, நான் சாப்பிட்டுத்தான் போடுறேன்

நல்லது, அப்படியே பண்ணுங்க, ரெண்டு இட்லியாவது சாப்பிட்டு ஒரு டம்ளர் தண்ணி முழுசா குடிச்சுப் போடுங்க, எரிச்சல் கொறையும். ஆனா எரிச்சல் வேற, புண்ணு வேற. பெரிய புண்ணு வர்றது மாத்திரை நேரா உரசுறதால மட்டும் இல்ல, மருந்து ரத்தத்துல கலந்து போய் அந்த உள்சவ்வோட காவல எடுத்துடுது, அதான் முக்கியக் காரணம். இட்லிக்கு மேல போட்டாலும் அது ரத்தத்துக்குத்தான் போகும்.

இன்னொண்ணு, எனக்கு எரிச்சலே இல்ல அதனால புண்ணு இல்லன்னு சொல்றவங்க நெறைய. வயசானவங்களுக்கு ஒரு அறிகுறியும் காட்டாம, ஒரு நாள் நேரா தார் மாதிரி கறுப்பா வெளிக்கி போகும், அப்பத்தான் உள்ள ரத்தம் கசியுதுன்னே தெரியும். இரும்புச்சத்து மாத்திரை போட்டாலும் கறுப்பாத்தான் போகும், ஆனா பிசுபிசுன்னு ஒட்டி ஒரு கெட்ட நாத்தம் அடிச்சா அது ரத்தம்.

கேஸ் மாத்திரை சேத்துப் போட்டா எத்தன நாள் வேணா போடலாமா?

பாண்டோபிரசோல், ஒமிபிரசோல் மாதிரி மாத்திரைய காலைல சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி போட்டா இரைப்பைல புண்ணு வர்ற வாய்ப்பு நல்லாவே கொறையும், அது உண்மை. 65 வயசுக்கு மேல இருக்கறவங்க, முன்னாடி அல்சர் வந்தவங்க, இவங்களுக்கு வலி மாத்திரை எழுதுற டாக்டரே இதையும் சேத்து எழுதுறது அதுக்குத்தான். ஆனா அது காக்குறது மேல்வயித்த மட்டும். குடலுக்கோ கிட்னிக்கோ ஹார்ட்டுக்கோ அதால ஒரு உபயோகமும் இல்ல, வாசல் கதவப் பூட்டிட்டு கொல்லைக்கதவத் தொறந்து போட்ட கதைதான்.

மாத்திரைதான் வயித்தக் கெடுக்கும், ஊசி போட்டா ஒண்ணும் ஆகாதுல்ல?

ரெண்டாவது பதில திரும்பப் படிங்க. இடுப்புல குத்துனாலும் மருந்து ரத்தம் வழியா அதே வயித்துக்கும் அதே கிட்னிக்கும்தான் போகுது. மேல போனஸா ஊசி போட்ட எடத்துல சீழ் கட்டலாம், தப்பான எடத்துல குத்துனா நரம்பு பாதிக்கலாம். கிட்னி கல்லு வலி மாதிரி துடிக்கிறப்ப ஆஸ்பத்திரில போடுறது வேற விஷயம். சந்தைக்குப் போற வழில "ஒரு ஊசி போட்டுக்கலாம்"ன்னு வாராவாரம் போடுறது வேற.

ஒரு நாளைக்கு எத்தன போடலாம், எத்தன நாள்?

டாக்டர் பாக்காம தானா போடுறதா இருந்தா ஐபுப்ரோஃபென் ஒரு நாளைக்கு 1200 எம்ஜிக்கு மேல வேண்டாம், அதாவது 400 எம்ஜி மூணு தடவ, ஒவ்வொண்ணுக்கும் ஆறு எட்டு மணி நேர இடைவெளி. டைக்ளோஃபினாக் மொத்தமே 150 எம்ஜிதான் உச்சம், அசிக்ளோஃபினாக் 100 எம்ஜி ரெண்டு வேளை, இது ரெண்டும் சீட்டு இல்லாம வாங்கக் கூடாத மருந்து, கடையில எல்லாரும் கேக்குறாங்கங்கறதால அது மாறிடாது.

நாள் கணக்கு கேட்டா நான் சொல்றது, சுளுக்கு, பல்லு வலின்னா மூணு நாள், இழுத்தா அஞ்சு நாள். அதுக்கும் அடங்கலன்னா மாத்திரை பத்தலன்னு அர்த்தம் இல்ல, உள்ள என்னன்னு பாக்கணும்னு அர்த்தம். கொறஞ்ச அளவு, கொறஞ்ச நாள், உலகத்துல எந்த டாக்டரக் கேட்டாலும் இதத்தான் சொல்வாங்க.

ஒண்ணு போட்டேன் கேக்கல, வேற கம்பெனி ஒண்ணு சேத்துப் போடலாமா?

போன மழைக்காலத்துல ஒரு அம்மா மஞ்சப்பையோட வந்தாங்க, கண்ணாடி மேல கொட்டுனாங்க. பல் டாக்டர் குடுத்த அசிக்ளோஃபினாக் பி ஒரு அட்டை, எலும்பு டாக்டர் எழுதுன டைக்ளோஃபினாக் ஒரு அட்டை, தலைவலிக்குன்னு அவங்களே வாங்கி வெச்சிருந்த காம்பிஃப்ளாம் ஒண்ணு. மூணையும் நாலு நாளா போட்டுட்டு இருக்காங்க, நெஞ்சு கரிக்குது தம்பி ஒரு ஜெலுசில் குடுன்னு வந்திருக்காங்க. மூணு பேரு, மூணு கலரு, ஆனா மூணும் ஒரே தெருக்காரங்கம்மான்னு சொன்னேன். ரெண்டு டாக்டர் மேலயும் தப்பில்ல, இவரு எழுதுனது அவருக்குத் தெரியாது, அந்தம்மா சொல்லவும் இல்ல.

ரெண்டு வலி மாத்திரை சேத்தா வலி கூடுதலா கொறையறதில்ல, புண்ணு ஆபத்துதான் ஏறும். வலி மாத்திரையோட பாராசிட்டமால் சேத்துப் போடலாம், ரெண்டும் வேற வேற வழில வேலை செய்றதால அது நல்லாவே கேக்கும், பல்லு வலிக்கு முக்கியமா. ஆனா அட்டையத் திருப்பிப் படிங்க, பேருக்குப் பின்னாடி "பி"ன்னு இருந்தா அதுல பாராசிட்டமால் ஏற்கனவே இருக்கு, "எஸ்பி"ன்னா கூட வீக்கத்துக்குன்னு சேக்குற செராஷியோபெப்டிடேஸும் இருக்கு. காம்பிஃப்ளாம்ல 400 ஐபுப்ரோஃபென், 325 பாராசிட்டமால். அது மேல டோலோ போட்டா முதல் பதில்ல சொன்ன 4 கிராம் கணக்குல அதையும் சேக்கணும்.

காய்ச்சல், உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலி, பாராசிட்டமால் கேக்கல, பவரா ஒண்ணு குடுங்க

குடுக்க மாட்டேன். கோச்சுக்கிட்டு அடுத்த கடைக்குப் போனாலும் சரி. மழை சீசன்ல இப்படி வர்ற காய்ச்சல் டெங்குவா இருக்கலாம், டெங்குல பிளேட்லெட் எறங்கும், ரத்தக்கசிவு வரும், அந்த நேரத்துல ஆஸ்பிரினோ ஐபுப்ரோஃபெனோ டைக்ளோஃபினாக்கோ போட்டா எரியிற வீட்டுல எண்ணெய் ஊத்துன மாதிரி. டெங்கு இல்லன்னு ரத்தப் பரிசோதனைல தெரியற வரைக்கும் பாராசிட்டமால், தண்ணி, கஞ்சி, ஓஆர்எஸ், ரெஸ்ட், அவ்ளோதான். சிக்கன்குனியா மூட்டு வலிக்கு அப்புறம் வலி மாத்திரை எழுதுவாங்க, அதுவும் டெங்கு இல்லன்னு உறுதியான பெறகுதான்.

எனக்கு பிரஷர் இருக்கு, அந்த மாத்திரைக்கும் வலி மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்?

நெறையவே இருக்கு. வலி மாத்திரை உடம்புல உப்பையும் தண்ணியையும் தேக்கி வெக்கும், அதனால பிரஷர் ஏறும், கால் வீங்கும், பிரஷர் மாத்திரையோட வேலையும் மட்டுப்படும். திடீர்னு பிரஷர் கண்ட்ரோல் ஆகலன்னு டாக்டர் டோஸ் ஏத்திட்டே போவாரு, கடைசில பாத்தா ரெண்டு வாரமா முட்டிக்கு ஒண்ணு போட்டுட்டு இருப்பாங்க.

இதுல ஒரு மோசமான மூணு பேர் கூட்டணி இருக்கு. டெல்மிசார்டான், ராமிபிரில் வகை பிரஷர் மாத்திரை ஒண்ணு, ஹைட்ரோகுளோரோதயசைடு, ஃப்யூரோசமைடு மாதிரி மூத்திரம் போக வெக்கிற மாத்திரை ஒண்ணு, இது ரெண்டோட வலி மாத்திரை. மூணும் சேந்தா கிட்னிக்குள்ள ரத்த அழுத்தம் ஒரேயடியா எறங்கி சில நாள்லயே கிட்னி படுத்துடலாம். நெறைய பேருக்கு முதல் ரெண்டும் ஒரே மாத்திரைல கலந்தே வரும், பேருக்குப் பின்னாடி "ஹெச்"னு போட்டிருக்கும், அதனால ரெண்டு மருந்து சாப்பிடுறோம்னே அவங்களுக்குத் தெரியாது.

கிட்னி நல்லா இருக்கறவங்களுக்கும் ஆகுமா? நான் வெயில்ல வேலை பாக்குற ஆளு

உங்களத்தான் நெனச்சு பயப்படுறேன். உடம்புல தண்ணி வத்துனா கிட்னி தன் ரத்த ஓட்டத்துக்கு அந்த புரோஸ்டாகிளாண்டின நம்பித்தான் இருக்கும், அந்த நேரம் பாத்து அதையும் நிறுத்துனா எப்படி. கரும்பு வெட்டு, செங்கல் சூளை, சென்ட்ரிங் வேலைக்குப் போறவங்க மத்தியானம் ஒண்ணு போட்டுட்டு திரும்ப வேலைக்கு எறங்குவாங்க, தண்ணி ஒரு பாட்டில் கூட குடிச்சிருக்க மாட்டாங்க. வாந்தி பேதி இருக்கற நாள்லயும் இதே கதைதான். அந்த மாதிரி நாள்ல வலி மாத்திரைய தொடவே தொடாதீங்க.

மாட்டுக்குப் போட்ட ஊசியால கழுகு செத்துச்சுன்னு படிச்சேன், அது இந்த மருந்தா?

ஒரு காலேஜ் பையன் கேட்டது, கவுண்டர்ல அபூர்வமா வர்ற கேள்வி. ஆமா தம்பி, இதே டைக்ளோஃபினாக்தான். மருந்து போட்ட மாடு செத்து, அதைத் தின்ன பாறு கழுகுகளுக்கு கிட்னி போயிடுச்சு, இந்தியா முழுக்க கூட்டங்கூட்டமா அழிஞ்சுது. 2006ல கால்நடைக்கு இதைத் தடை பண்ணாங்க. அப்பவும் மனுசங்களுக்கு வர்ற பெரிய பாட்டில வாங்கி மாட்டுக்குப் போட்டதால 2015ல மனுச ஊசியே 3 மில்லிக்கு மேல வரக்கூடாதுன்னு ஆக்குனாங்க. நம்ம பக்கம் மாயாறு பள்ளத்தாக்குல இன்னும் கொஞ்சம் பறக்குது.

ஹார்ட்டுக்கு ஈகோஸ்பிரின் போடுறேன், முட்டிக்கு புரூஃபன் போடலாமா?

கேக்காம போடாதீங்க. புரூஃபன்ங்கறது ஐபுப்ரோஃபென்தான். ஈகோஸ்பிரின் கொறஞ்ச அளவு ஆஸ்பிரின், ரத்தம் கட்டியாகாம பாக்குறதுதான் அதோட வேலை. ஐபுப்ரோஃபென் முன்னாடியே போய் அந்த எடத்துல உக்காந்துகிட்டா ஆஸ்பிரினுக்கு எடம் கெடைக்காது, ஹார்ட்டுக்கான காவல் போயிடும். சாதா ஆஸ்பிரின் போட்டு குறைஞ்சது அரை மணி கழிச்சு ஐபுப்ரோஃபென், இல்லன்னா ஐபுப்ரோஃபென் போட்டு எட்டு மணி கழிச்சு ஆஸ்பிரின்னு ஒரு கணக்கு உண்டு, ஆனா ஈகோஸ்பிரின் மாதிரி கோட்டிங் போட்டதுக்கு அந்தக் கணக்க நம்ப முடியாது. ரெண்டும் சேந்தா வயித்துல ரத்தக்கசிவும் கூடும். ஸ்டென்ட் வெச்சவங்க, ரத்தம் கட்டாம இருக்க வார்ஃபரின் போடுறவங்க, உங்க ஹார்ட் டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்க. அதே பயத்துல ஈகோஸ்பிரின நீங்களா நிறுத்திராதீங்க, அது அதவிட ஆபத்து.

எட்டோரிகாக்ஸிப் வயித்துக்கு சேஃப்னு சொல்றாங்களே, அதையே போட்டா?

வயித்துக்குக் கொஞ்சம் சாதுதான், இல்லன்னு சொல்லல. ஆனா இந்தக் குடும்பத்துல ரோஃபிகாக்ஸிப்னு ஒரு அண்ணன் இருந்தாரு, வயித்துக்கு ஒண்ணும் ஆகாதுன்னு 1999ல கொண்டாடி எறக்குனாங்க, மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதுன்னு தெரிஞ்சு 2004ல கம்பெனியே உலகம் முழுக்கத் திரும்ப எடுத்துக்கிச்சு. பிரஷர் 140/90க்கு மேல நிக்கிறவங்க எட்டோரிகாக்ஸிப் போடவே கூடாது. டைக்ளோஃபினாக்குக்கும் ஹார்ட் விஷயத்துல நல்ல பேர் கெடையாது. ஆரம்பிச்ச முதல் சில வாரத்துலயே மாரடைப்பு ஆபத்து ஏறலாம்னு அமெரிக்க மருந்துத் துறை 2015ல எச்சரிக்கைய கடுமையாக்குச்சு, அதனால ஹார்ட் பிரச்சனை இருக்கறவங்க "கொஞ்ச நாள்தானே"ன்னு சொல்றது எடுபடாது.

பீரியட்ஸ் வலிக்கு மாசாமாசம் போடுறேன், பின்னாடி குழந்தை பொறக்காதா?

தங்கச்சிங்க, கூட்டம் கொறையட்டும்னு ஓரமா நின்னு, குரல் எறக்கிக் கேக்குற கேள்வி. பயப்படாதீங்க, மாசத்துல ரெண்டு மூணு நாள் சரியான அளவுல போடுறதால குழந்தை பொறக்காமப் போகாது. அந்த வலியே கர்ப்பப்பைல புரோஸ்டாகிளாண்டின் ஊறுறதாலதான், அதனால மெஃபனமிக் ஆசிட், ஐபுப்ரோஃபென் எல்லாம் குறி பாத்து வேலை செய்யும். வலி உச்சத்துக்குப் போன பெறகு போடுறத விட ஆரம்பிச்ச உடனே போட்டா கம்மியாவே போதும்.

மெஃபனமிக் ஆசிட் போட்டு சில பேருக்கு காய்ச்சல், தடிப்பு, நெறி கட்டுறதோட ஒரு கடுமையான அலர்ஜி வருதுன்னு 2023 கடைசில இந்திய மருந்தியல் ஆணையம் எச்சரிச்சுது. அபூர்வம்தான், ஆனா தடிப்பு வந்தா நிறுத்திட்டு டாக்டரப் பாருங்க. மாத்திரை போட்டும் எந்திரிக்க முடியல, ஸ்கூலுக்கே போக முடியலன்னா அது சும்மா வலி இல்ல, லேடி டாக்டர்கிட்ட காமிங்க. குழந்தைக்கு முயற்சி பண்றவங்க மட்டும் நாள் கணக்குல தொடர்ந்து போடுறதுக்கு முன்னாடி கேட்டுக்குங்க.

மாசமா இருக்கேன், இடுப்பு வலி தாங்கல

பாராசிட்டமால் மட்டும், அதுவும் டாக்டர கேட்டு. 20 வாரத்துக்கு மேல வலி மாத்திரை போட்டா குழந்தையோட கிட்னி பாதிச்சு பனிக்குடத் தண்ணி கொறையலாம், கடைசி மாசங்கள்ல குழந்தை ஹார்ட் பக்கத்துல இருக்கற ஒரு ரத்தக்குழாய் சீக்கிரமே மூடிக்கலாம். பிரசவம் ஆகி பால் குடுக்கறவங்களுக்கு ஐபுப்ரோஃபென் பரவால்ல, பால்ல ரொம்பக் கொஞ்சம்தான் போகும்.

வீசிங் இருக்கறவங்க போடக்கூடாதாமே?

எல்லாருக்கும் இல்ல. ஆஸ்துமா இருக்கற சில பெரியவங்களுக்கு வலி மாத்திரை போட்ட ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல மூச்சு இறுக்கும், மூக்குல சதை வளந்தவங்களுக்கு இது அதிகம். முன்னாடி எப்பவாவது அப்படி ஆகியிருந்தா எந்த வலி மாத்திரையும் வேண்டாம், பேர் மாத்தி போட்டாலும் அதே கதைதான்.

குழந்தைக்குப் பெரியவங்க மாத்திரைல பாதி ஒடச்சுக் குடுக்கலாமா?

கூடாது. குழந்தைக்கு எடைய வெச்சுத்தான் அளவு, வயச வெச்சோ மாத்திரைய ஒடச்சோ இல்ல. 16 வயசு வரைக்கும் ஆஸ்பிரின் வேண்டாம், வைரஸ் காய்ச்சல் நேரத்துல மூளையையும் கல்லீரலையும் தாக்குற ரேய் சிண்ட்ரோம் வரலாம். நிமிசுலைடு 12 வயசுக்குக் கீழ குடுக்கக்கூடாதுன்னு இந்தியாவுல 2011லயே தடை. அம்மை போட்டிருந்தா ஐபுப்ரோஃபெனும் வேண்டாம்.

சரக்கு அடிச்சிருக்கேன், தலை இடிக்குது, ஒண்ணு போட்டுக்கலாமா?

அண்ணே, தண்ணி குடிச்சுட்டு தூங்குங்க. சரக்கும் வலி மாத்திரையும் சேந்தா வயித்துல ரத்தக்கசிவு. தினம் குடிக்கிறவருன்னா பாராசிட்டமாலும் கல்லீரலுக்கு ஆகாது.

தலைவலிக்கு தினமும் ஒண்ணு போட்டாத்தான் ஓடுது

மாத்திரையே தலைவலிய உண்டாக்கும்னு சொன்னா யாரும் நம்புறதில்ல. மாசத்துல 15 நாளுக்கு மேல போட்டுட்டே இருந்தா, மாத்திரை வேகம் எறங்குறப்ப தலை வலிக்கும், அதுக்கு இன்னொண்ணு போடுவீங்க, இப்படியே சுத்தும். காலண்டர்ல போட்ட நாளைக்கெல்லாம் ஒரு புள்ளி வைங்க, மாசக் கடைசில எண்ணிப் பாத்துட்டு டாக்டர்கிட்ட அந்த காலண்டரையே காமிங்க.

ஜெல், ஸ்ப்ரே எல்லாம் சும்மா காசுக்குக் கேடுதானே?

இல்ல, முட்டி, கை விரல் மாதிரி தோலுக்குப் பக்கத்துல இருக்கற மூட்டுக்கு டைக்ளோஃபினாக் ஜெல் நல்லாவே கேக்கும், ரத்தத்துல கலக்குறதும் மாத்திரையில கலக்குறதுல நூத்துக்கு ஆறு பங்கு அளவுதான். ஒரு தடவ தேச்சுட்டு கேக்கலன்னு சொல்லாதீங்க, ஒரு நாளைக்கு மூணு நாலு தடவ, ரெண்டு வாரமாவது. மேல சூடு ஒத்தடமோ இறுக்கமா கட்டோ வேண்டாம், புண்ணு மேல தடவாதீங்க. இடுப்புக்குள்ள ஆழமா இருக்கற வலிக்கு அவ்வளவா எட்டாது.

அம்மா பத்து வருஷமா தினம் முட்டிக்குப் போடுறாங்க, இப்ப லேகியத்துக்கு மாத்தலாம்னு இருக்கோம், அதுல சைடு எஃபெக்ட் இல்லல்ல?

முறையா படிச்ச சித்த மருத்துவர் எழுதிக் குடுத்தா பேச்சே இல்ல. ஆனா லேபிள் இல்லாத டப்பாவுல வந்து, போட்ட ரெண்டாவது நாளே வலி மாயமா போச்சுன்னா சந்தேகப்படுங்க. மூட்டு வலிக்கு மூலிகைன்னு வித்த சில பொருட்கள்ல டைக்ளோஃபினாக்கும் டெக்ஸாமெத்தசோன் ஸ்டீராய்டும் கலந்திருந்தத அமெரிக்காவுல பரிசோதிச்சுக் கண்டுபிடிச்சிருக்காங்க. பேரே தெரியாம வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் சேந்து உள்ள போனா வயிறு என்னாகும்.

அம்மாவுக்கு முதல்ல கிரியேட்டினின் (கிட்னி எப்படி இருக்குன்னு காட்டுற ரத்த டெஸ்ட்), ஹீமோகுளோபின், பிரஷர் மூணும் பாத்துருங்க. திடீர்னு எல்லாத்தையும் புடுங்காம டாக்டர்கிட்ட பேசி, ஜெல், தேவைப்பட்டா பாராசிட்டமால், தொடைக்குப் பலம் குடுக்குற பிசியோதெரபி பயிற்சின்னு கொண்டு வாங்க, வலி மாத்திரைய முடியாத நாளுக்கு மட்டும் வெச்சுக்கலாம். உக்காந்த எடத்துலயே கால நீட்டி அஞ்சு எண்ணிக்கை பிடிச்சு எறக்குற பயிற்சி எங்க அம்மாவுக்கு நானே சொல்லிக் குடுத்தேன், சீரியல் பாக்குறப்ப விளம்பரம் வந்தா பண்ணுவாங்க.

எந்த அறிகுறி வந்தா உடனே ஓடணும்?

மூணாவது பதில்ல சொன்ன கறுப்பு வெளிக்கி, காபித்தூள் மாதிரியோ ரத்தமாவோ வாந்தி, நெஞ்சு அழுத்தம், ஒரு பக்கம் கை கால் வெலவெலத்துப் பேச்சு குழறுறது, மூச்சு இறுக்கம், முகமோ ஒதடோ வீங்குறது, தோல்ல கொப்புளம், வாய்க்குள்ள புண்ணு, மூத்திரம் ரொம்பக் கொறஞ்சு போறது. இதுல எது வந்தாலும் அடுத்த மாத்திரைய நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க, தனியா வண்டி ஓட்டிட்டுப் போகாதீங்க, 108க்கு போன் பண்ணுங்க. வீட்டுல இருக்கற எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில அள்ளிக்கிட்டுப் போங்க, பேர் இருக்கற பக்கம் கிழியாததா பாத்து.